65,000 ரூபாய்க்குள் கேமிங் பிசி: விளையாடவும் லைவ் விடவும்

விளையாடுவதற்கு மட்டும் கம்ப்யூட்டர் என்றால் அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. விளையாடுவதை அப்படியே யூடியூபில் லைவ் விடவும் வேண்டும் என்றால் கணக்கு மாறிவிடும். ஒரே பெட்டி ஒரே நேரத்தில் இரண்டு வேலை பார்க்க வேண்டும்: கேமை ஓட்ட வேண்டும், திரையில் ஓடுவதை நொடிக்கு 60 படம் வீதம் சுருக்கி நெட்டில் ஏற்றவும் வேண்டும். இந்த இரண்டாவது வேலையை யார் தலையில் கட்டுகிறோம் என்பதில்தான் காசு மிச்சமாவதும் கரைவதும் இருக்கிறது. பிராஸசர் தலையில் கட்டினால் எட்டு கோர், பன்னிரண்டு கோர் என்று தேடி அலைய வேண்டும். கிராஃபிக்ஸ் கார்டுக்குள்ளேயே இதற்கென்று தனியாக ஒரு என்கோடர் இருக்கிறது. வேலையை அங்கே தள்ளிவிட்டால் ஆறு கோர் பிராஸசரே தாராளம். அதனால் முதலில் கார்டு, அடுத்து எஸ்எம்பிஎஸ் (பெட்டிக்குள் கரண்ட் தரும் பவர் சப்ளை), மற்றதெல்லாம் அதற்கப்புறம்.

மானிட்டர், கீபோர்டு, மவுஸ், யுபிஎஸ் நீங்கலாக, பெட்டிக்கு மட்டும் 65,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கார்டுக்கு 25,000. பிராஸசரும் மதர்போர்டும் சேர்த்து 18,000. எஸ்எம்பிஎஸ் 4,500. ஃபேனோடு கேபினெட் 4,000. மிச்சமிருக்கும் 13,500 ராமுக்கும் எஸ்எஸ்டிக்கும். இது பங்கு பிரிக்கும் கணக்குதான், விலைப்பட்டியல் இல்லை. 2025 கடைசியில் ராம் விலை ஏறத் தொடங்கியதிலிருந்து காலையில் சொன்ன விலையைச் சாயங்காலம் சொல்லாத கடைகளும் உண்டு. ராமுக்குக் கூடப் போனால் எஸ்எஸ்டியில் குறையுங்கள்; எஸ்எம்பிஎஸ்ஸில் கை வைக்காதீர்கள்.

கார்டு எடுக்கும்போது

லைவ் விடுகிறவருக்கு என்விடியாதான் வசதி. அதன் என்வென்க் என்கோடர் குறைந்த பிட்ரேட்டிலும் (நொடிக்கு ஏற்றும் டேட்டா அளவு) படத்தைச் சிதறவிடாது. கையில் இருக்கும் காசுக்கு ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபியோ ஆர்டிஎக்ஸ் 5050-யோ சிக்கினால் எடுத்துவிடலாம். முதலாவது 170 வாட் தின்னும், இரண்டாவது 130. கொஞ்சம் கூடப் போட முடிந்தால் 4060. அது 115 வாட்தான், நம் ஊர் வெயிலுக்கு அந்தக் குறைந்த வாட்டே ஒரு லாபம். ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6600 கேமில் கொடுத்த காசுக்குக் குறை வைக்காது. ஆனால் வேகமாக ஓடும் காட்சிகளில், புல்தரை, மழை, புகை வரும் இடங்களில், அதன் லைவ் படம் என்விடியா அளவுக்குத் தெளிவாக வராது. ஆர்எக்ஸ் கார்டுதான் என்று முடிவு செய்தால் பிராஸசரை இன்டெல் ஐ5 12400 ஆக எடுங்கள், பெயருக்குப் பின்னால் எஃப் இல்லாதது. அதற்குள் இருக்கும் குயிக் சிங்க் என்கோடர் லைவ் வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

ஏமாறும் இடங்கள் சில உண்டு. ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி, ஆர்எக்ஸ் 6400 இரண்டிலும் என்கோடரே கிடையாது. கேம் ஓடும், லைவ் போட்டால் முழுச் சுமையும் பிராஸசர் மேல் விழும். ஜிடி 1030-யும் அப்படித்தான். ஆர்டிஎக்ஸ் 3050 என்ற ஒரே பெயரில் 8 ஜிபி ஒன்றும் 6 ஜிபி ஒன்றும் விற்கிறார்கள். 6 ஜிபியில் மெமரி மட்டும் குறைச்சல் இல்லை, கோரும் குறைவு, மெமரி பாதையும் 128 பிட்டிலிருந்து 96 பிட்டாகச் சுருங்கிவிட்டது. ஆன்லைனில் 2048 எஸ்பி என்று போட்டு வரும் ஆர்எக்ஸ் 580 உண்மையில் 570-க்கு இன்னொரு சட்டை. எல்லாவற்றையும்விடப் பெரிய வலை, “ஐ7 கேமிங் பிசி, 16 ஜிபி ராம்” என்று 15,000 சொச்சத்துக்கு வரும் முழு செட். உள்ளே இருப்பது 2012 காலத்து மூன்றாம் தலைமுறை ஐ7. அதில் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு ஆதரவை நிறுத்திவிட்டது. வேலரன்ட் கேம் விண்டோஸ் 11-ல் ஓட டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு வசதிகளையும் கேட்கும். அந்தப் பழைய போர்டில் டிபிஎம் 2.0-க்கு வழியில்லை.

பழைய கார்டு வாங்கினால் தப்பில்லை, ஆனால் ஓட்டிப் பார்க்காமல் வாங்கினால் தப்பு. அரைமணி நேரம் ஏதாவது கனமான கேமையோ ஸ்ட்ரெஸ் டெஸ்டையோ ஓடவிட்டு, திரையில் புள்ளி புள்ளியாகவோ கோடாகவோ வருகிறதா, ஃபேன் கரகரக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணத்தை எண்ணுங்கள்.

பிராஸசர், போர்டு, ராம்

ரைசன் 5 5600. ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட், 32 எம்பி கேஷ், பெட்டியிலேயே கூலரும் வரும். இதில் டிஸ்ப்ளே வசதி கிடையாது, கார்டு இல்லாமல் திரை வராது. கார்டை இரண்டு மாதம் கழித்து வாங்குவதாக இருந்தால் 5600ஜி எடுக்கலாம். ஆனால் அதில் கேஷ் (பிராஸசருக்குள் இருக்கும் வேக மெமரி) பாதிதான், கார்டுக்கும் பிராஸசருக்கும் நடுவே டேட்டா ஓடும் பாதையான பிசிஐ எக்ஸ்பிரஸும் மூன்றாம் தலைமுறை. ரைசனுக்குப் போர்டு பி550 மைக்ரோ ஏடிஎக்ஸ். ஏ520-ல் மிச்சமாகும் ஒன்றிரண்டு ஆயிரம் பின்னால் வலிக்கும். 4060, 5050, 6600 எல்லாம் அந்தப் பிசிஐ பாதையின் பதினாறு லேனில் எட்டை மட்டுமே பயன்படுத்துகிறவை. ஏ520-ன் பழைய பிசிஐ வேகத்தில் அவை கொஞ்சம் மூச்சு வாங்கும்.

ராம் 16 ஜிபி, டிடிஆர்4 3200, இரண்டு எட்டாக. ஒரே பதினாறாகப் போட்டால் மெமரி பாதை பாதியாகி, கேமில் திடீர் திடீரென்று இழுக்கும். லைவில் கேம், லைவ் விடும் சாஃப்ட்வேரான ஓபிஎஸ், பிரௌசர் மூன்றும் திறந்திருக்கும் என்பதால் 8 ஜிபியோடு ஆரம்பிக்கும் எண்ணமே வேண்டாம். எஸ்எஸ்டி எம்.2 என்விஎம்இ, முடிந்தால் 1 டிபி.

எஸ்எம்பிஎஸ்: லேபிளைப் படியுங்கள்

கேபினெட்டோடு சேர்த்து 800 ரூபாய்க்குத் தரும் “450 வாட்” எஸ்எம்பிஎஸ்ஸைக் கையில் எடுத்துப் பாருங்கள், எடையே இருக்காது. பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் லேபிளில் 12 வோல்ட் என்ற கட்டத்துக்குக் கீழே எத்தனை ஆம்பியர் என்று பார்த்து 12-ஆல் பெருக்குங்கள். 16 ஆம்பியர் என்றிருந்தால் 192 வாட். பிராஸசரும் கார்டும் சாப்பிடுவது அந்த 12 வோல்ட்டைத்தான். 5600 உச்சத்தில் 76 வாட், 3060 170 வாட், இரண்டுமே 246 ஆகிவிட்டது. லேபிளில் 450 என்று எழுதியிருப்பதெல்லாம் வெறும் பெயிண்ட். 80 ப்ளஸ் பிரான்ஸ் (கரண்டை அதிகம் வீணாக்காது என்பதற்கான தரச் சான்று), 550 வாட், ஐந்து வருட வாரன்டி உள்ளதாக எடுத்தால் 12 வோல்ட்டில் 40 ஆம்பியருக்கு மேல் நிற்கும்.

இன்னொரு வரியும் பாருங்கள்: இன்புட் 100–240 வோல்ட்டா, 200–240 மட்டுமா? மேலூர், உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமங்களில் பம்ப்செட் மோட்டார்கள் ஓடும் நேரத்தில் வோல்டேஜ் 170-க்கு இறங்கினால் இரண்டாவது வகை பொட்டென்று அணைந்துவிடும். முதலாவது தாங்கும்.

கேபினெட்டும் கத்திரி வெயிலும்

மதுரையில் சித்திரை, வைகாசியில் வெளியே 40 டிகிரி சாதாரணம். மாடி அறையில் பகலெல்லாம் காய்ந்த கான்கிரீட் ராத்திரி பத்து மணிக்கும் அனலடிக்கும். லைவ் விடும் நேரமும் பெரும்பாலும் அதுதான். அறை 25 டிகிரியில் இருக்கும்போது பிராஸசர் 75-ல் நின்றால், அறை 40 ஆகும்போது அதே வேலைக்கு 90-ஐத் தொடும். 5600-க்கு உச்சவரம்பே 90 டிகிரி. அங்கே போனதும் அது தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கேம் இழுக்கிறது என்று ஏசி அறையில் இருக்கும் நண்பரிடம் சொன்னால் அவருக்குப் புரியாது.

முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி வைத்து, உள்ளே கலர் லைட் சுற்றும் கேபினெட் பார்க்க ஜோர்தான். காற்று நுழைய இடமிருக்காது. முன்னால் வலை உள்ளதை எடுங்கள். 120 எம்எம் ஃபேன் இரண்டு முன்னால் காற்றை உள்ளே இழுக்க, ஒன்று பின்னால் வெளியே தள்ள. சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள்; கம்ப்யூட்டர் டேபிளில் கதவு போட்ட பெட்டிக்குள் வைக்கவே வேண்டாம். கேமுக்குள் எஃப்பிஎஸ்ஸுக்கு (நொடிக்கு எத்தனை படம்) ஒரு வரம்பு வைப்பதும் சூட்டைக் குறைக்கும், அது லைவுக்கும் நல்லது, காரணம் கீழே.

தூசியை மாதம் ஒருமுறை புளோயரில் ஊதுங்கள். ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் தாறுமாறாகச் சுற்றி பேரிங் போய்விடும். பஞ்சர் கடைக் காற்று வேண்டாம், அதில் தண்ணீர் கலந்து வரும். பின்பக்கத்தில் கழற்றிய ஸ்லாட் மூடிகளை அப்படியே திறந்தும் விடாதீர்கள். பல்லி உள்ளே போய் போர்டில் ஷார்ட் ஆவது இந்தப் பக்கத்து ரிப்பேர்க் கடைகளுக்குப் புதிதல்ல.

வாங்குமிடம்

சென்னை ரிட்ச்சி தெருவிலும் ஆன்லைனிலும் விலையைக் கேட்டு வைத்துக்கொண்டு மதுரைக் கடையில் பேசுங்கள். ஐந்நூறு, ஆயிரம் வித்தியாசத்துக்குள் வந்தால் உள்ளூரிலேயே வாங்குவது மேல்; பார்ட் பழுதானால் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியது அங்கேதான். “அண்ணே, ஒவ்வொரு பார்ட்டுக்கும் சீரியல் நம்பர் போட்டு ஜிஎஸ்டி பில்லு குடுங்க” என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பில் இல்லாமல் 18 சதவீதம் குறைத்துத் தருகிறேன் என்பவரிடம் வாங்கினால், வாரன்டிக்குப் போய் நிற்கும்போது அந்தக் குறைச்சல் உதவாது. சென்னையில் அசெம்பிள் செய்து பஸ்ஸில் கொண்டுவருவதானால் கார்டை மட்டும் கழற்றி அதன் பெட்டியில் வைத்துக் கையில் கொண்டுவாருங்கள். மாட்டியபடியே வந்தால், மாட்டுத்தாவணி வந்து சேர்வதற்குள் அதன் கனமே ஸ்லாட்டை முறித்துவிடக்கூடும்.

மாட்டும் வேலை

போர்டை அதன் அட்டைப்பெட்டி மேலேயே வைத்து ஆரம்பியுங்கள். சாக்கெட் நெம்புகோலைத் தூக்கி, ரைசன் பிராஸசர் மூலையில் இருக்கும் தங்க முக்கோணத்தைச் சாக்கெட்டில் இருக்கும் முக்கோணத்தோடு பொருத்தினால் அது தானாக விழ வேண்டும். அழுத்தவே கூடாது. அழுத்தினால் அடியில் இருக்கும் ஊசி வளையும்.

கூலருக்கு முன்னால் போர்டில் இருக்கும் இரண்டு பிளாஸ்டிக் தாங்கிகளைக் கழற்ற வேண்டும். அந்த நான்கு ஸ்குரூவும்தான் பின்பக்கத் தகட்டைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. கழற்றும்போது கையை அடியில் கொடுங்கள், இல்லாவிட்டால் தகடு விழுந்துவிடும். கூலரின் நான்கு ஸ்குரூக்களையும் எதிரெதிர் மூலையாக, ஒவ்வொன்றையும் இரண்டிரண்டு சுற்றாக இறுக்குங்கள். அடியில் பேஸ்ட் ஏற்கெனவே பூசியிருக்கும். வைத்துவிட்டு எடுத்தால் அது வீண். துடைத்துவிட்டுப் பட்டாணி அளவு புதிதாக வையுங்கள். பின்னால் எப்போதாவது கூலரைக் கழற்றுவதானால் கம்ப்யூட்டரைச் சற்று நேரம் ஓடவிட்டு, அணைத்துவிட்டு, லேசாகத் திருகி எடுங்கள். வெடுக்கென்று இழுத்தால் பிராஸசரும் சாக்கெட்டிலிருந்து பிய்த்துக்கொண்டு வரும். கூலர் ஒயரைச் சிபியு ஃபேன் என்று எழுதிய பின்னில் மாட்டுங்கள்.

ராம் பிராஸசரிலிருந்து எண்ணினால் இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில். எஸ்எஸ்டியைச் சாய்வாகச் செருகி, படுக்கவைத்து ஸ்குரூ போடுங்கள். மேலே ஹீட்சிங்க் இருந்தால் அதன் அடியில் உள்ள பிளாஸ்டிக் தாளை உரிக்க மறக்காதீர்கள். பிறகு கேபினெட். யுபிஎஸ்பி, ஆடியோ துளைகளுக்கான ஐ/ஓ தகட்டைக் கேபினெட்டின் பின்னால் முதலில் மாட்டுங்கள், அப்புறம் போர்டு. போர்டின் ஓட்டைக்கு நேராக இல்லாத பித்தளைக் காலை கேபினெட்டில் விட்டுவைத்தால் அது அடியில் ஷார்ட் அடிக்கும்.

எட்டு பின் ஒயர்கள் இரண்டு விதம். நான்கும் நான்குமாகப் பிரிவது பிராஸசருக்கு, ஆறும் இரண்டுமாகப் பிரிவது கார்டுக்கு. பிராஸசர் ஒயரைப் போர்டை முடுக்கும் முன்பே மேல் மூலை வழியாகக் கொண்டுவந்துவிடுங்கள்; பிறகு கை போகாது. பவர் சுவிட்ச் ஒயருக்கு முன்பின் கிடையாது, எல்இடி ஒயருக்கு உண்டு. கடைசியாகக் கார்டு, க்ளிக் சத்தம் வரும் வரை. மானிட்டர் ஒயரைக் கார்டில் செருகுங்கள். போர்டில் செருகிவிட்டு “டிஸ்ப்ளே வரலை” என்று கடைக்கு போன் போடுகிறவர்கள்தான் அதிகம்.

முதல் தடவை ஆன் செய்தால் ஒரு நிமிடம் கருப்பாகவே நிற்கலாம், பயப்பட வேண்டாம். அதற்கு மேலும் வராவிட்டால் ராமைக் கழற்றி அழுத்தி மாட்டுங்கள், பிறகு பிராஸசர் ஒயர், பிறகு கார்டின் பவர் ஒயர் என்று பாருங்கள்.

பயாஸில் (போர்டின் அடிப்படை செட்டிங்) மாற்ற வேண்டியது நான்கே. எக்ஸ்எம்பி அல்லது டிஓசிபி, இல்லாவிட்டால் 3200 ராம் 2133-லோ 2400-லோ ஓடும். ரீசைசபிள் பார், கார்டின் மெமரி முழுவதையும் பிராஸசர் ஒரே வீச்சில் அணுக. செக்யூர் பூட். ஃப்ரீ ஃபயரை எமுலேட்டரில் (மொபைல் கேமை பிசியில் ஓட்டும் சாஃப்ட்வேர்) ஆடுவதானால் எஸ்விஎம் மோட். அது அணைந்திருந்தால் எத்தனை பெரிய பிசியிலும் எமுலேட்டர் நத்தையாகத்தான் நகரும். விண்டோஸ் ஏற்றியதும் டிஸ்ப்ளே செட்டிங்கில் மானிட்டரின் ஹெர்ட்ஸைப் பாருங்கள். 144 மானிட்டர் 60-ல் நின்றுகொண்டிருக்கும்.

ஓபிஎஸ்

கேன்வாஸ் 1080. என்கோடர் என்விடியா என்வென்க் எச்.264, ரேட் கன்ட்ரோல் சிபிஆர், கீஃப்ரேம் 2 நொடி, பிரீசெட் பி5. பிட்ரேட் 720-ல் 60 படம் என்றால் 4500 கேபிபிஎஸ், 1080-ல் 6000-லிருந்து 8000. ஆடியோ 160, 48 கிலோஹெர்ட்ஸ். 6000-ல் ஒரு மணி நேர லைவ் 2.7 ஜிபி அப்லோட் தின்னும். அப்லோட் வேகம் பிட்ரேட்டைப் போல இரண்டு மடங்காவது இருக்கட்டும். வைஃபையில் லைவ் விடாதீர்கள். ரவுட்டர் கீழே ஹாலிலும் பிசி மாடியிலும் இருந்தாலும் ஒரு கேட்6 ஒயரை இழுத்துவிடுங்கள்.

லைவ் திக்கும்போது குத்துமதிப்பாக எதையாவது மாற்றாமல் ஸ்டாட்ஸ் ஜன்னலைத் திறங்கள். ஃப்ரேம் தவறுவதை அங்கே மூன்று வரியில் பிரித்துக் காட்டும். ரெண்டரிங்கில் தவறினால் கார்டு 99 சதவீதத்தில் தவிக்கிறது என்று பொருள். என்கோடர் தனியாக இருந்தாலும், ஓபிஎஸ் காட்சிகளைக் கோத்துக் கொடுப்பது கார்டின் அதே கோர்களில்தான். கேமின் எஃப்பிஎஸ்ஸை 90-க்கோ 120-க்கோ கட்டிவையுங்கள், ஓபிஎஸ்ஸை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறங்கள், சரியாகும். என்கோடிங்கில் தவறினால் என்கோடரில் பிராஸசர் தலையில் வேலையைக் கட்டும் எக்ஸ்264 தேர்வாகியிருக்கிறதா என்று பாருங்கள். நெட்வொர்க்கில் தவறினால் பிசியைத் தொட வேண்டாம், பிட்ரேட்டை இறக்குங்கள்.

மைக்கைப் பொறுத்தவரை இங்கே எதிரி சீலிங் ஃபேன். அதை நிறுத்திவிட்டு இரண்டு மணி நேரம் உட்கார முடியாது. டைனமிக் மைக்கை வாயிலிருந்து நான்கு விரல் தூரத்தில் வைத்து, கெயினைக் குறைத்து, ஓபிஎஸ்ஸில் ஆர்என்நாய்ஸ் ஃபில்டர் போட்டால் ஃபேன் சத்தம் அடங்கும். பங்குனி, சித்திரையில் தெருவில் கட்டும் குழாய் ஸ்பீக்கருக்கு மட்டும் எந்த ஃபில்டரும் கிடையாது. அதோடு, காப்புரிமை உள்ள பாட்டு மைக்கில் தெளிவாக ஏறினால் யூடியூபும் பிடிக்கும்.

கரண்ட்

கேபினெட்டின் இரும்பில் வெறுங்காலோடு கை வைத்தால் சுருக்கென்று அடிக்கிறதா? எஸ்எம்பிஎஸ் பழுதில்லை. உள்ளே இருக்கும் ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் கசியவிடும் சிறு கரண்ட் எர்த் வழியாக இறங்க வேண்டும். சுவர்ப் பிளக்கில் எர்த் இல்லாவிட்டால் அது உடம்பு வழியாக இறங்கப் பார்க்கும். மைக்கில் விடாமல் கேட்கும் இரைச்சலுக்கும் பல வீடுகளில் இதுவே காரணம். எலக்ட்ரீஷியனை வைத்து அந்தப் பிளக்குக்கு எர்த் ஒயர் இழுப்பதுதான் வழி. மூன்று பின்னை இரண்டாக்கும் கன்வெர்ட்டரைத் தூக்கிப் போடுங்கள்.

யுபிஎஸ்ஸில் விஏ கணக்கும் வாட் கணக்கும் வேறு. 600 விஏ என்பது சுமார் 360 வாட்தான். இந்த பிசியும் மானிட்டரும் சேர்ந்து கேம் ஓடும்போது 300 வாட்டைத் தாண்டும், நடுவில் ஒரு எகிறு எகிறினால் யுபிஎஸ் கீச்சென்று கத்திவிட்டு அணையும். 1000 அல்லது 1100 விஏ எடுங்கள். வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டுவதானால் அது சைன்வேவாக இருக்க வேண்டும், சுவிட்ச் யுபிஎஸ் மோடில் இருக்க வேண்டும்; மற்ற மோடில் மாறும் நேரம் நீளம், பிசி ரீஸ்டார்ட் ஆகிவிடும். பிசி அணையாமல் ஓடினாலும் ரவுட்டரும் ஃபைபர் பெட்டியும் அணைந்தால் லைவ் போச்சு. இரண்டுக்கும் 12 வோல்ட் மினி யுபிஎஸ் ஒன்று மாட்டிவிடுங்கள். மாதாந்திரப் பராமரிப்பு என்று பகலில் மின்தடை அறிவிக்கும் நாளை முன்னாலேயே பார்த்து, அன்றைக்கு லைவ் வைக்காதீர்கள்.

லைவோடு சேர்த்துப் பதிவும் செய்கிறீர்கள் என்றால் ஃபைல் எம்கேவி வடிவில் இருக்கட்டும். சாதாரண எம்பி4 பாதியில் கரண்ட் போனால் திறக்காது. எம்கேவி அதுவரை பதிவானதைக் காப்பாற்றும். பிறகு ஓபிஎஸ்ஸிலேயே ரீமக்ஸ் செய்து எம்பி4 ஆக்கிக்கொள்ளலாம்.

தினமும் நான்கு மணி நேரம், 300 வாட் என்றால் 1.2 யூனிட். மின்வாரியம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்கும்போது 72 யூனிட் கூடியிருக்கும். ஸ்லாப் மாறும் விளிம்பில் இருக்கும் வீடு என்றால் இதை வீட்டில் முன்னாலேயே சொல்லிவிடுவது நல்லது.

யூடியூப் சேனலில் லைவ் வசதியை முதல் முறை திறக்க போன் நம்பரைச் சரிபார்த்த பிறகும் 24 மணி நேரம் வரை ஆகும். பார்ட்ஸுக்கு அட்வான்ஸ் கொடுத்த அன்றைக்கே அதையும் தட்டிவிடுங்கள்.